எஸ்கேப்பை அணைப்பதற்கு முன்

சர்வரில் இருக்கும் ஒரு பட்டியலைப் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொடுக்க வேண்டும். பக்கத்தை உருவாக்கும் டெம்ப்ளேட்டில் ஸ்கிரிப்ட் டேகைத் திறந்து, மாறியை அப்படியே உள்ளே வைக்கிறோம். கன்சோலில் சின்டாக்ஸ் எரர் வருகிறது. சோர்ஸைத் திறந்தால் மேற்கோள் குறி வர வேண்டிய இடமெல்லாம் &#34; என்று நிற்கிறது. டெம்ப்ளேட் ஆபத்தான குறிகளை இப்படிக் குறியீடாக மாற்றிவிடுவதுதான் எஸ்கேப்.

கோட் ரிவ்யூவில் நான் மறுபடி மறுபடி நிறுத்திக் கேட்பது இதற்குப் பிறகு நடப்பதைத்தான். எரர் போக வேண்டும் என்று பைத்தானின் டெம்ப்ளேட் மொழியான ஜின்ஜாவில், எஸ்கேப்பை அணைக்கும் சேஃப் ஃபில்டரைப் போட்டிருப்பார்கள். ஜாவாஸ்கிரிப்டின் இஜேஎஸ் டெம்ப்ளேட் என்றால் <%= என்பதை <%- ஆக்கியிருப்பார்கள். எரர் போய்விடும், கூடவே பாதுகாப்பும் போய்விடும்.

ஸ்கிரிப்ட் டேகுக்குள் ஹெச்டிஎம்எல் பார்சர் &#34; போன்ற குறியீடுகளை எழுத்தாக மாற்றாது. எரர் வந்தது அதனால்தான். ஆனால் அதே பார்சருக்கு ஜாவாஸ்கிரிப்டும் தெரியாது. மேற்கோளுக்குள்ளேயே இருந்தாலும் </ஸ்கிரிப்ட்> என்ற மூடும் டேகைக் கண்டால் அதோடு ஸ்கிரிப்ட் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் தன் பெயருக்குப் பின்னால் அதையும் இன்னொரு ஸ்கிரிப்ட் டேகையும் சேர்த்துச் சேமித்தால், அந்தப் பெயரைப் பார்க்கும் ஒவ்வொருவரின் பிரவுசரிலும் அவர் எழுதிய கோட் ஓடும். பார்ப்பவர் அட்மின் என்றால், அட்மின் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அந்தக் கோடும் செய்யும்.

“ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை போட்டிருக்கிறேனே” என்பார்கள். தகவலை ஜேசன் என்னும் எழுத்து வடிவத்துக்கு மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன் அது. நானும் ரொம்ப நாள் அதை நம்பியிருந்தேன். அது மேற்கோளையும் பின்சாய்கோட்டையும் கவனிக்கும், < குறியைத் தொடாது. ஒரு நாள் கமென்ட் பெட்டியில் மூடும் டேகை நானே அடித்துப் பார்த்தேன். மீதி ஜேசன் முழுவதும் பக்கத்தின் நடுவில் வெறும் எழுத்தாகக் கொட்டிக் கிடந்தது. உங்கள் பக்கத்திலும் இதைச் செய்து பாருங்கள், ஒரு நிமிட வேலைதான்.

சரி, என்ன செய்யலாம்? ஜின்ஜாவில் டுஜேசன் ஃபில்டர் இருக்கிறது. <, >, &, ஒற்றை மேற்கோள் நான்கையும் யுனிகோட் எஸ்கேப்பாக, அதாவது \u003c போன்ற குறியீடாக, மாற்றிவிடும். இரட்டை மேற்கோளை விட்டுவிடும் என்பதால், அதன் விளைவை இரட்டை மேற்கோளிட்ட ஆட்ரிபியூட்டுக்குள் வைக்காதீர்கள். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் எழுதுபவர்கள் ஸ்ட்ரிங்கிஃபைக்குப் பிறகு < குறியைத் தாங்களே அப்படி மாற்ற வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி, பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ 2.1 முதல் தரும் ஜேசன்_ஸ்கிரிப்ட். தகவல் தனி டேகில், ஓடாத ஜேசனாகப் போய் உட்காரும். நம் ஸ்கிரிப்ட் ஐடியை வைத்து அதை எடுத்துப் பார்ஸ் செய்துகொள்ளும். தகவலும் கோடும் ஒரே வரியில் கலப்பதே இல்லை. இன்லைன் ஸ்கிரிப்டைத் தடுக்கும் சிஎஸ்பி விதியையும், அதாவது பக்கத்தில் எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதியையும், தளர்த்த வேண்டியதில்லை.

அப்புறம், எஸ்கேப் சரியாக இருந்தும் தப்பாகப் போகும் இடம் ஒன்று உண்டு. திரையில் பெயர் மட்டும் தெரிந்தால் போதும் என்றாலும், யூசர் ஆப்ஜெக்டை முழுதாக அனுப்பிவிடுகிறார்கள். பாஸ்வேர்ட் ஹாஷ், ரீசெட் டோக்கன் எல்லாம் சோர்ஸில் வெளிப்படையாகக் கிடக்கும். தேவையான புலங்களை சர்வரிலேயே பெயர் சொல்லிப் பொறுக்கி, அவற்றை மட்டும் டெம்ப்ளேட்டுக்குக் கொடுங்கள்.