நரன்ஹேரோ: ஒரு பேஸ்பால் அணிப்பெயரின் பொருளும் வேரும் தமிழாக்கமும்

மெக்சிகோவின் வடமேற்கு மாநிலமான சொனோராவின் தலைநகர் எர்மொசியோ. அந்நகரின் பேஸ்பால் அணிக்கு ‘நரன்ஹேரோஸ் தெ எர்மொசியோ’ என்று பெயர். மெக்சிகோ பசிபிக் லீக் எனப்படும் குளிர்காலத் தொழில்முறைப் போட்டியில் 16 முறை வாகை சூடி முதலிடத்தில் நிற்கும் அணி இது. தமிழில் இவ்வணியைப் பற்றி எழுத நேர்ந்தால் ‘ஆரஞ்சுகள்’ என்றோ ‘ஆரஞ்சு வியாபாரிகள்’ என்றோ பெயர்த்துவிடத் தோன்றும். முன்னது பிழை, பின்னது அகராதிப்படி சரியாக இருந்தும் இங்கே பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை அறிய, சொல்லையும் அது வழங்கும் நிலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நரன்ஹேரோ என்பது ‘நரன்ஹா’ என்ற பெயரும் ‘-ஏரோ’ என்ற விகுதியும் சேர்ந்த ஸ்பானியச் சொல். நரன்ஹா என்றால் ஆரஞ்சுப் பழம். -ஏரோ, லத்தீனின் ‘-ஆரியுஸ்’ விகுதியிலிருந்து வந்தது. ஒரு பொருளோடு தொழிலாலோ இடத்தாலோ பிணைந்தவரைக் குறிப்பது. ரொட்டி சுடுபவர் ‘பனதேரோ’, செருப்புத் தைப்பவர் ‘சபத்தேரோ’, ஹவானா நகரத்தவர் ‘ஹபனேரோ’. ஆகவே நரன்ஹேரோ என்பவர் ஆரஞ்சை விற்பவராகவும் இருக்கலாம், விளைவிப்பவராகவும் இருக்கலாம். பழைய ஸ்பானியத்தில் வாய் அகன்ற ஒரு துப்பாக்கிக்கும் ‘நரன்ஹேரோ’ என்ற அடைமொழி இருந்தது. ஆனால் அணிப்பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நரன்ஹா என்ற பகுதியின் பயணம் தமிழ் வாசகருக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமானது. ஸ்பெயினை ஆண்ட அரபு மொழியினர் கசப்பு ஆரஞ்சு மரத்தோடு ‘நாரஞ்’ என்ற பெயரையும் அங்கே கொண்டு சேர்த்தனர். அரபுக்கு அது பாரசீக ‘நாரங்’ வழியாகவும், பாரசீகத்துக்கு வடமொழி ‘நாரங்க’ வழியாகவும் சென்றது. வடமொழிச் சொல்லுக்கு மூலம் திராவிட மொழிகளில் இருந்ததென்று சொற்பிறப்பாய்வாளர் பலர் கருதுகின்றனர். தமிழின் நாரத்தை, மலையாளத்தின் நாரங்ங, தெலுங்கின் நாரிஞ்ஜ ஆகியவை அதன் உறவுகள். ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும் முதலில் வரும் ‘ந்’ ஒலி உதிர்ந்துவிட, ஸ்பானியம் அதை விடாமல் காத்தது. நாம் இன்று சொல்லும் ‘ஆரஞ்சு’ அந்த ஒலியை இழந்து ஆங்கிலத்தின் வழியே திரும்பி வந்த வடிவம். எர்மொசியோ அரங்கில் ஆயிரக்கணக்கானோர் கூவும் பெயரோ நாரத்தையின் முதலெழுத்தை இன்னும் ஏந்தி நிற்கிறது.

பழம் மெக்சிகோவுக்கு ஸ்பானியர் கொண்டுவந்தது. 1518இல் தாமே ஆரஞ்சு விதைகளை மெக்சிகோ மண்ணில் நட்டதாகப் படைவீரர் பெர்னால் தியாஸ் எழுதிவைத்தார். வடமேற்கில் அதை வேரூன்றச் செய்ததில் இயேசு சபைத் துறவிகளுக்குப் பங்குண்டு. 1687இல் சொனோராவின் வடபகுதிக்கு வந்த யூசேபியோ கினோ, கோதுமையோடும் கால்நடையோடும் ஸ்பானியப் பழமரங்களையும் அங்கே பரப்பினார். பாலைக்கு நடுவில் சொனோரா ஆற்றங்கரையில் ‘பித்திக்’ என்ற பெயரில் வளர்ந்த ஊர் 1828இல் எர்மொசியோ ஆனது. ஊரைச் சூழ்ந்த தோப்புகளாலும் தெருவோர மரங்களாலும் பின்னாளில் அதற்கு ‘ஆரஞ்சு மரங்களின் நகரம்’ என்ற புகழ்ப்பெயர் வந்தது. கோடை வெயில் 45 பாகையைத் தாண்டும் ஊரில் ஆரஞ்சு மரத்தின் நிழல் எவ்வளவு பெரிய பேறு என்பதை வெயில் நாட்டவரான நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அணியின் முதற்பெயர் நரன்ஹேரோஸ் அன்று. 1945இல் தொடங்கிய பசிபிக் கடற்கரை லீக்கில் எர்மொசியோ அணி ‘கெலித்தேரோஸ்’ என்ற பெயரில் ஆடியது. கெலித்தே என்பது வயலோரங்களில் தானாக முளைக்கும் உணவுக் கீரை. ஆஸ்டெக் மக்கள் பேசிய ‘நவாத்தில்’ என்ற மொழியின் ‘கிலித்ல்’ அதன் மூலம். அதே லீக்கில் குவாய்மாஸ் துறைமுகத்தார் ‘ஒஸ்தியோனேரோஸ்’, அதாவது சிப்பியெடுப்போர். சியுதாத் ஒப்ரெகோன் அணியினர் ‘அரோசேரோஸ்’, நெல் விளைவிப்போர். சினலோவா மாநிலத்தின் குலியகான் நகரத்தார் ‘தக்குவாரினேரோஸ்’. தக்குவாரின் என்பது சோளமாவைக் கொழுப்பு சேர்த்துப் பிசைந்து, வளையமாக உருட்டிச் சுடும் அவ்வூர்ப் பலகாரம். கீரை, சிப்பி, நெல், பலகாரம் என்று ஒவ்வோர் ஊரும் தன் கைத்தொழிலையோ உணவையோ பெயராக்கிக்கொண்டது. வடமேற்கின் பொருளியல் வரலாற்றுக்கு இந்த அணிப்பட்டியலை ஒரு சான்றாகவே கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து.

அதற்குக் குலியகானை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு தமசுலா ஆற்றில் சனலோனா அணையைக் கட்டி முடித்தது. பாசனம் பெற்ற சமவெளியில் குளிர்காலத் தக்காளி பெருகி, நொகாலெஸ் எல்லை வழியே அமெரிக்கச் சந்தைகளுக்குப் போயிற்று. 1962இல் கியூபாவின் மீது அமெரிக்கா வணிகத் தடை விதித்தபின் அந்தத் தேவை மேலும் கூடியது. 1965இல் குலியகானில் புதிய அணி பிறந்தபோது வீட்டுப் பலகாரத்தின் பெயர் போய், ‘தொமத்தேரோஸ்’ என்று ஏற்றுமதிப் பயிரின் பெயர் வந்தது. லோஸ் மோச்சிஸ் அணி ‘கன்யேரோஸ்’, கரும்பைச் சார்ந்தவர்கள். பெஞ்சமின் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கர் நடத்திய சர்க்கரை ஆலையைச் சுற்றித்தான் அந்நகரமே வளர்ந்தது. 1970இல் சேர்ந்த குவாசாவே அணி ‘அல்கொதொனேரோஸ்’, பருத்தியைச் சார்ந்தவர்கள்.

நரன்ஹேரோஸ் என்ற பெயரை நாடெங்கும் ஒலிக்கச் செய்தவர் சிவாவா மாநிலத்தில் பிறந்த பேஸ்பால் வீரர் எக்தோர் எஸ்பினோ. 1964இல் அமெரிக்கச் சிறு லீக்கில் (முதன்மை லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டி) சிலகாலம் ஆடிய அவர் ஊர் திரும்பினார். பிறகு அமெரிக்காவில் ஆடப் போகவேயில்லை. கரீபியன் வட்டார நாடுகளின் குளிர்கால லீக் வாகையர் மோதும் கரீபியன் தொடர் 1976இல் சாந்தோ தொமிங்கோவில் நடந்தது. அதை நரன்ஹேரோஸ் வென்றது. அத்தொடரில் மெக்சிகோ பெற்ற முதல் வெற்றி அது. எர்மொசியோவின் அரங்குக்கு அவர் வாழ்ந்த காலத்திலேயே அவர் பெயரைச் சூட்டினர். 2013இல் புதிய சொனோரா அரங்கம் திறக்கும் வரை அணியின் வீடு அதுதான்.

இனித் தமிழாக்கம். நாரத்தை உறவுச்சொல்லே ஆயினும் இன்று ஊறுகாய்க்கு உப்பிட்டு உலர்த்தும் வேறொரு காயைக் குறிப்பதால், அதை இங்கே ஆள்வது குழப்பம் தரும். இலங்கைத் தமிழில் தோடம்பழம், தமிழ்நாட்டில் ஆரஞ்சு என்ற வழக்குகளே போதும். சிக்கல் விகுதியில் இருக்கிறது. ‘-காரர்’ என்றால் பால்காரர், பூக்காரர் போலத் தெருவில் விற்பவரே நினைவுக்கு வருவார். ‘விவசாயிகள்’ என்றால் தொழில் மட்டும் நிற்கும், ஊர் நழுவிவிடும். ஊரார், நாட்டார், தோட்டத்தார் என்பவற்றில் வரும் ‘-ஆர்’ விகுதியோ இடத்தையும் இடத்துக்குரிய மக்களையும் ஒருசேரச் சுட்டும். ஆதலால் நரன்ஹேரோஸ் என்பதற்கு ‘ஆரஞ்சுத் தோட்டத்தார்’, தொமத்தேரோஸ் என்பதற்கு ‘தக்காளித் தோட்டத்தார்’, அல்கொதொனேரோஸ் என்பதற்குப் ‘பருத்திக்காட்டார்’, கன்யேரோஸ் என்பதற்குக் ‘கரும்புக்காட்டார்’ என்று பொருள் தரலாம். செய்தியில் அணிப்பெயரை ஒலிபெயர்த்து எழுதி, முதல் இடத்தில் மட்டும் இந்தப் பொருளைச் சேர்ப்பது நல்லது. ‘நரன்ஜெரோ’ என்று எழுதுவது தவறு. ஸ்பானிய ஒலிப்பில் அங்கே ஜகரம் இல்லை.

-ஏரோ விகுதி பெறாத பெயர்களுக்கு இந்த முறை பொருந்தாது. மசத்லான் நகரின் ‘வெனாதோஸ்’ அணியை ‘மான்கள்’ என்றே பெயர்க்கலாம். மசத்லான் என்ற நவாத்தில் மொழிப் பெயருக்கே மான்கள் வாழும் இடம் என்பதுதான் பொருள். ஒப்ரெகோனின் ‘யாக்கிஸ்’, முன்னர் நவோஹோவா நகரில் ஆடிய ‘மாயோஸ்’ ஆகியவையோ தொல்குடிகளின் பெயர்கள். தம் ஆற்றுச் சமவெளியைக் காக்கப் பல தலைமுறைகள் போராடி, மெக்சிகோ அதிபர் போர்ஃபிரியோ தியாஸின் ஆட்சியில், நாட்டின் தென்கிழக்கிலுள்ள யுகத்தானின் கற்றாழை நார்த் தோட்டங்களுக்குக் கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் யாக்கி மக்கள். மாயோ என்பது ஸ்பானியத்தில் மே மாதத்துக்கும் பெயர் என்பதால் இயந்திர மொழிபெயர்ப்பில் இந்த அணி ‘மே மாதங்கள்’ ஆகிவிடக்கூடும். இவ்விரண்டையும் பெயர்க்காமல் அப்படியே எழுதி, முதல் இடத்தில் ‘யாக்கி குடியினர்’, ‘மாயோ குடியினர்’ என்று விளக்கம் தர வேண்டும்.