கழலாதபடி பொருத்தியதைக் கழற்றுவது எப்படி?

வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனி சாதாரணமாக 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதன் சுவர் நலிந்து பலூன்போல உப்பிவிடுவதைத்தான் அனியூரிசம் என்கிறார்கள். ஆண்களுக்கு அது 5.5 சென்டிமீட்டரைத் தொட்டால் பொதுவாகச் சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். முன்பு இதற்கு வயிற்றைத் திறந்து செயற்கைக் குழாயைத் தைக்க வேண்டியிருந்தது. 1990இல் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி, துணி போர்த்திய உலோகக் குழாயைத் தொடைத் தமனி வழியாக உள்ளே அனுப்பி விரித்தார். அதுதான் ஸ்டென்ட் கிராஃப்ட்.

இதில் தையலே கிடையாது. சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும் விசையாலும், பல வகைகளில் நுனியில் இருக்கும் கொக்கிகளாலும்தான் அது நிற்கிறது. நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்புகளைத் தாங்கியாக வேண்டும். சில வருடங்களில், வீக்கத்துக்குச் சற்று மேலே குழாய் பற்றியிருக்கும் தமனிப் பகுதி (இதை வீக்கத்தின் ‘கழுத்து’ என்பார்கள்) மேலும் விரியலாம், குழாய் கீழே சரியலாம், துணி கிழியலாம். அப்போது ரத்தம் மறுபடி வீக்கத்துக்குள் கசியும். எண்டோலீக் எனப்படும் இந்தக் கசிவுகளில் பலவற்றை வயிற்றைத் திறக்காமல், ரத்தக்குழாய் வழியாகவே சரிசெய்துவிடலாம். சில பிடிவாதமானவை. கிருமித்தொற்று வந்துவிட்டாலோ, உடல்நிலை இடம் கொடுத்தால் குழாயை வெளியே எடுப்பதுதான் முறையான வழி.

சரி, வயிற்றைத் திறந்தாயிற்று. முதலில் ரத்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஆனால் உள்ளே உலோகக் கம்பி இருக்கும் இடத்தில், தமனியை நெருக்கி மூடும் இடுக்கியான கிளாம்ப் சரியாகப் பிடிக்காது. அதனால் இன்னும் மேலே, சிறுநீரகத் தமனிகளுக்கும் மேலே, சில நேரம் உதரவிதானத்தை ஒட்டியே பிடிக்க வேண்டியிருக்கும். அந்த நொடியிலிருந்து சிறுநீரகங்களுக்கு ரத்தம் இல்லை. அரை மணி நேரத்துக்குள் முடித்தால் நல்லது.

அடுத்த சிக்கல் அந்தக் கொக்கிகள். வெடுக்கென இழுத்தால் தமனியே கிழிந்துபோகும். இங்கே கைகொடுப்பது நிட்டினால் என்ற நிக்கல்–டைட்டானியம் கலவையின் குணம். உடல் சூட்டில் விறைத்து நிற்கும் அது, குளிர்ந்தால் தளர்ந்துவிடும். ஐஸ் போலக் குளிர்ந்த உப்புநீரை ஊற்றினால் குழாய் இளகும். எல்லா ஸ்டென்ட்டும் நிட்டினால் இல்லை என்பதால் இன்னொரு உத்தியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 20 மில்லி ஊசிச் சிரிஞ்சின் முனையை வெட்டிவிட்டு, அந்த உருளையைக் குழாயின் மேல் உறைபோல மாட்டி மேல்நோக்கித் தள்ளுவார்கள். கம்பிகள் சுருங்கி உள்ளே போகும், கொக்கிகள் சுவரைவிட்டு விலகும். நவீனக் கருவி ஒன்றைக் கழற்ற, குப்பைக்குப் போகும் ஒரு பிளாஸ்டிக் உருளை!

அதற்கும் மசியாவிட்டால் கம்பியைக் கட்டரால் வெட்டி, மேல் வளையத்தை அப்படியே விட்டுவிட்டு, அதையும் தமனிச் சுவரையும் சேர்த்துப் புதுக் குழாயைத் தைத்துவிடுவார்கள். அரைகுறை வேலை போலத் தோன்றும். ஆனால் தமனியைக் கிழித்துக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

தொற்று இருந்தால் மட்டும் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது. கிருமி ஒட்டிய துணி முழுவதும் வெளியே வர வேண்டும். அப்புறம் அந்த இடத்தில் எதை வைப்பது? ஒரு வழி, நோயாளியின் தொடைக்குள் ஆழத்தில் ஓடும் பெரிய சிரையையே எடுத்துத் தைப்பது. சொந்தத் திசு என்பதால் கிருமிக்கு எளிதில் இடம் கொடுக்காது. காலில் இருந்து ரத்தம் திரும்புவதற்கு மற்ற சிரைகள் இருக்கின்றன.