மோட்டிவேஷனல் ஸ்பீக்கரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நகரியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். மேலே தெலுங்கில் ‘வ்யக்தித்வ விகாச நிபுணுடு’, கீழே தமிழில் ‘பிரபல மோட்டிவேஷனல் ஸ்பீக்கர்’. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே தங்கிவிட்டன. அதனால் இங்கே எதையும் இரண்டு மொழியில் எழுதினால்தான் கூட்டம் சேரும். பக்கத்தில் நின்று வாசித்த விசைத்தறிக்காரர் என்னிடம் கேட்டார்: “ஏன் சார், இவரு மோட்டார் சரிபண்றவரா? நம்ம தறி மோட்டார் ரெண்டு நாளா உறுமுது.”

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டியதும் சிரித்தது தப்பு என்று பட்டது. மனிதர் சொல்லின் வேரைச் சரியாகப் பிடித்திருந்தார்.

லத்தீனில் ‘மொவேரே’ என்றால் நகர்த்து, அசை என்று பொருள். மோட்டார், மோஷன், மோட்டிவ், மோட்டிவேஷன் எல்லாமே அந்த ஒரு வினையின் பிள்ளைகள். தறியை நகர்த்துவது மோட்டார், மனிதனை நகர்த்துவது மோட்டிவேஷன். இதில் கடைசிப் பிள்ளை ரொம்பச் சின்னது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. உளவியல்காரர்கள் எடுத்துக்கொண்ட பிறகு, 20ஆம் நூற்றாண்டில் மேடை ஏறியது.

தொழில் அந்தப் பெயரைவிட மூத்தது. சாமுவேல் ஸ்மைல்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மருத்துவம் படித்தவர், பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், ரயில்வே கம்பெனியில் செயலாளராக வேலை பார்த்தவர். லீட்ஸ் நகரத்தில் மாலை வேளைகளில் கூடிப் படித்த இளம் தொழிலாளிகளுக்குப் பேசிய பேச்சை வளர்த்து 1859இல் ‘செல்ஃப் ஹெல்ப்’ என்று புத்தகம் போட்டார். அந்த வகை நூல்களுக்கே அது பெயராகிவிட்டது. அமெரிக்காவில் டேல் கார்னகி விற்பனையாளராக அலைந்து, நடிப்பையும் முயன்று பார்த்துவிட்டு, 1912இல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் மேடைப்பேச்சு வகுப்பு தொடங்கினார். அவருடைய பிரபலமான புத்தகம் வந்தது 1936இல். ஆக, முதலில் பேச்சு, அப்புறம் புத்தகம். இன்று வரைக்கும் இந்தத் தொழிலின் பாதை பெரும்பாலும் இதுதான்.

தெலுங்குப் பக்கம் பாதை கொஞ்சம் வேறு. எண்டமூரி வீரேந்திரநாத் கணக்குத் தணிக்கையாளர், பிறகு நாவலாசிரியர், அதற்கும் பிறகுதான் வெற்றிக்குப் படிக்கட்டு கட்டும் புத்தகங்கள் எழுதினார். பி.வி. பட்டாபிராம் மேஜிக் நிபுணராக இருந்து ஆளுமைப் பயிற்சிக்கு வந்தவர். தமிழில் தொண்டி அப்துற் றஹீமும், அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பிய எம்.எஸ். உதயமூர்த்தியும் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டியவர்கள்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். செல்ஃப் ஹெல்ப்பை ‘சுய உதவி’ என்று நேராக மாற்ற முடியாது. அதை மகளிர் குழு எடுத்துக்கொண்டுவிட்டது. எங்கள் ஊரில் அந்தக் குழுவுக்குப் பெயர் ‘டுவாக்ரா’. சுய உதவி எழுத்தாளர் என்று அழைத்தால் குழுவின் கணக்கு நோட்டு எழுதுகிறவர் என்றுதான் நினைப்பார்கள். புத்தகக் கடைக்காரர்கள் ‘சுயமுன்னேற்றம்’ என்று பலகை வைத்தது நல்ல முடிவு. ‘தன்முன்னேற்றம்’ என்றால் இன்னும் நல்லது.

‘தன்னம்பிக்கைப் பேச்சாளர்’ பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் ஒரு சங்கடம். தன்னம்பிக்கை வர வேண்டியது கேட்பவருக்கு. சொல்லைப் பார்த்தால் அது பேசுகிறவரிடம் இருப்பதாகத் தெரிகிறது. (பெரும்பாலும் இருக்கவும் செய்கிறது, வேண்டியதற்கு மேலேயே.)

‘தூண்டு’ அழகான வினை. அகல் விளக்கில் திரி எண்ணெய்க்குள் அமிழும்போது குச்சியால் மேலே தள்ளுகிறோமே, அதுதான் தூண்டுதல். அந்தக் குச்சி தூண்டுகோல். ஆனால் வன்முறையைத் தூண்டினார், தற்கொலைக்குத் தூண்டினார் என்று அந்தச் சொல் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போய் நெடுநாள் ஆகிறது. ‘உந்து’ வண்டிக்குப் போய்விட்டது, பேருந்தில் இருப்பது அதுதானே. உசுப்பேத்துதல் என்று ஒன்று உண்டு. சில கூட்டங்களுக்கு அதுதான் மிகப் பொருத்தம், ஆனால் பேனரில் போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

மிஞ்சுவது ‘ஊக்கு’. இதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். கலித்தொகை 37ஆம் பாட்டில் ஊஞ்சலில் இருக்கும் பெண் தன்னை விரும்பி வந்தவனிடம் ‘ஐய சிறிதென்னை ஊக்கி’ என்கிறாள். கொஞ்சம் ஆட்டிவிடு என்று அர்த்தம். அவன் ஊக்குகிறான், அவள் பொய்யாகக் கைநழுவி அவன் மார்பில் விழுகிறாள். அந்தக் கதை வேறு. நமக்கு வேண்டியது, ஊக்குதல் என்றால் அசைத்துத் தள்ளிவிடுதல் என்பது. ‘மொவேரே’ சொன்னதும் அதுவேதான்! தெலுங்கில் ‘ஊகு’ என்றால் ஊஞ்சல்போல ஆடு, ‘ஊபு’ என்றால் ஆட்டு. ஒருவன் நல்ல வேகத்தில் இருந்தால் ‘ஊபு மீத உன்னாடு’ என்பார்கள்.

வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஒரு அதிகாரமே வைத்தவர், 60ஆவது. ஆனால் எனக்குப் பிடித்தது அதில் இல்லை, வலியறிதலில் இருக்கிறது:

‘நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந்து ஊக்கின்
உயிர்க்கிறுதி ஆகி விடும்.’

கிளையின் நுனி வரை ஏறியவன் அதற்கும் மேலே ஊக்கினால் உயிர் போய்விடும் என்கிறார். மோட்டிவேஷன் என்ற சொல்லில் இந்த எச்சரிக்கை இல்லை. ஊக்குவதில் தள்ளலும் உண்டு, விழுதலும் உண்டு.

அதனால் பேச்சுக்கு ‘ஊக்கவுரை’, பேசுகிறவருக்கு ‘ஊக்கவுரையாளர்’. ‘ஊக்கமூட்டும் பேச்சாளர்’ என்றும் எழுதுகிறார்கள், தப்பில்லை, சோறு ஊட்டுவதுபோல இருக்கிறது என்பதைத் தவிர. அடுத்த கூட்டத்துக்கு இதையே போடுங்கள் என்று பேனர் அடிக்கும் பையனிடம் சொல்லிவைத்தேன். தெலுங்கு மீடியத்தில் படித்த பையன். ஒரு மெய்யெழுத்தை மட்டும் விட்டுவிடாதே என்று இரண்டு தடவை சொன்னேன். ‘க்’ விழுந்தால் அவர் ஊகவுரையாளர் ஆகிவிடுவார்.