செக்கெட்: பிரமிடின் வாட்டம்

பெரிய பிரமிடின் சரிவு சுமார் 52 பாகை என்று இன்று எழுதுகிறோம். அதைக் கட்டியவர்கள் பாகையில் அளக்கவில்லை. அவர்கள் கையில் இருந்தது முழக்கோல், அதோடு செக்கெட் என்ற சொல்.

முகப்பு ஒரு முழம் உயரும்போது எவ்வளவு உள்ளே வாங்க வேண்டும் என்பதுதான் செக்கெட். எகிப்திய அரச முழம் ஏறத்தாழ 52 செ.மீ. அதில் 7 கையகலம். கையகலத்துக்கு 4 விரற்கடை. ஆக 28 விரற்கடை, நம் முழத்தைவிட நான்கு அதிகம். பெரிய பிரமிடு என்று சொன்னது கீசாவில் மன்னர் கூஃபுவின் பிரமிடு. அதற்கு அடிப்பக்கம் 440 முழம், உயரம் 280 முழம், செக்கெட் ஐந்தரைக் கையகலம். கல்தச்சருக்கு அந்த ஐந்தரை தெரிந்தால் போதும், முகப்புக் கல் ஒவ்வொன்றையும் ஒரே சரிவில் செதுக்கிவிடலாம்.

கி.மு. 1550 வாக்கில் ஆமோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த ரைண்ட் பாப்பிரஸ் என்ற எகிப்தியக் கணக்கு ஏட்டில் 56ஆவது கணக்கு இதுதான். அடி 360 முழம், உயரம் 250 முழம், செக்கெட் என்ன? 360இல் பாதி 180. அதை 250ஆல் வகுத்து 7ஆல் பெருக்கினால் 5 1/25 கையகலம். நாமும் தாளில் போட்டுப் பார்க்கலாம், அவ்வளவு தெளிவான வழி!

சரி, சொல் எப்படி வந்தது? எகிப்திய எழுத்தில் உயிரொலிகளை எழுதுவதில்லை. ஏட்டில் இருப்பவை ஸ், க், ட் போன்ற மூன்று மெய்கள்தாம். நடுவில் வரும் எகரம் ஆய்வாளர்கள் வாசிக்க வசதியாகச் சேர்த்தது. 'கெட்' என்றால் கட்டுதல், உருவாக்குதல். உருவம், தன்மை என்றும் பொருள் உண்டு. முன்னால் நிற்கும் 'ஸ்' பிறவினை ஒட்டு. நம் திருந்து, திருத்து போல.

தமிழில் 'சாய்வு' என்று போட்டுவிடத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பள்ளிக் கணக்கில் சாய்வு கூடினால் கோடு நிமிரும். செக்கெட் கூடினால் முகப்பு படுத்துவிடும். மொட்டைமாடியில் தண்ணீர் ஓட, இத்தனை அடிக்கு இவ்வளவு என்று கொத்தனார் வாட்டம் விடுகிறாரே, கணக்குச் சொல்லும் முறை அதுபோலத்தான்; அங்கே நீளத்துக்கு இறக்கம், இங்கே உயரத்துக்கு உள்வாங்கல். இங்கே முகப்பு உள்ளே வாங்குவதால் 'உள்வாட்டம்' என்பேன்.

எகிப்தின் தாஷூரில் மன்னர் ஸ்னெஃப்ரு கட்டிய வளைந்த பிரமிடுக்கு ஒரே உள்வாட்டம் சொல்ல முடியாது. கீழே ஏறத்தாழ 54 பாகையில் எழும்பி, நடுவில் 43 பாகைக்குத் தணிகிறது.