ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் சோபாவை நகர்த்திப் பாருங்கள்

புது ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் முதலில் போடுவது பாஸ் அதிரும் பாட்டைத்தான். நான் சொல்வது, நன்றாகப் பழகிய ஒரு குரலைப் போடுங்கள், ரேடியோவில் செய்தி வாசிக்கும் குரல்கூடப் போதும். பானைக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்டாலோ, 'ஸ' வரும் இடத்திலெல்லாம் காது கூசினாலோ, அந்த ஸ்பீக்கர் எத்தனை வாட் என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

தாழ்ந்த ஒலி (பாஸ்), நடு ஒலி, உச்ச ஒலி (ட்ரெபிள்) மூன்றும் பதிவில் இருந்த அளவிலேயே வருகின்றனவா? மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஒலி ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல், எந்த ஸ்பீக்கர் பாடுகிறது என்று தெரியாதபடி மறைத்து வைத்துப் பலரையும் கேட்கச் சொன்னார். பெரும்பாலும் அவர்களுக்குப் பிடித்தவை, எந்த அதிர்வெண்ணையும் தூக்காமல் அமுக்காமல் சீராகத் தந்தவையே.

குரலில் தவறு சட்டென்று தெரிவதற்குக் காதின் அமைப்பும் ஒரு காரணம். காதுக்குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழல். 3,000 ஹெர்ட்ஸை (நொடிக்கு 3,000 அதிர்வு) ஒட்டிய ஒலியை அதுவே பெருக்கிவிடும். மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் ஒலியும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. தாழ்ந்த ஒலிக்கோ காது மந்தம், சத்தம் குறையக் குறைய இன்னும் மந்தம். இதை 1933இலேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். இரவில் சத்தத்தைக் குறைத்ததும் பாஸ் காணாமல் போவது இதனால்தான், கடையில் இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது கொஞ்சம் சத்தமாகப் பாடுவதே நல்லதாகத் தோன்றுவதற்கும் இதில் பங்கு உண்டு. இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள்.

சரி, நல்ல ஸ்பீக்கரே வாங்கிவிட்டோம். பாஸ் விஷயத்தில் அதைவிட அறையின் கைதான் ஓங்கும். எங்கள் ஹால் 12 அடி நீளம், சோபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. பாஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தியில் ஒரு சுரம் மட்டும் வீடே நடுங்குகிற மாதிரி வரும், அதற்கு நாலைந்து சுரம் மேலே போனால் ஒன்றுமே இருக்காது. ஸ்பீக்கர் கோளாறு என்றே பல நாள் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் விடை எளிது: ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது, 47 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7.3 மீட்டர், அதில் பாதி சரியாக 12 அடி. அந்த அலை இரண்டு சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, சுவரோரம் வீங்கி, அறையின் நடுவில் கிட்டத்தட்ட மறைந்துபோகிறது. திரைச்சீலை போட்டுப் பார்த்தோம். உச்ச ஒலிதான் மங்கியது; இத்தனை நீள அலைக்கு மெல்லிய துணி இருப்பதே தெரியாது.

கடைசியில் சோபாவை மூன்றடி முன்னால் இழுத்துப் போட்டோம். ஹால் கொஞ்சம் அடைத்த மாதிரி ஆகிவிட்டது, ஆனால் அந்தச் சுரம் அடங்கி, அதற்கு அடுத்தடுத்த சுரங்கள் முதல்முறையாகத் தனித்தனியாகக் கேட்டன.