நாலு நாள் முன்னால் வந்திருந்தால்

பையைத் தோளிலிருந்து இறக்காமலே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார் அந்த மாணவி. இரண்டாம் ஆண்டு. கையில் நாலாக மடித்த ஒரு படிவம். மடிப்பு ஓரங்கள் நைந்துபோய், ஒரு மூலை கிழியத் தொடங்கியிருந்தது. "ஒரு கையெழுத்து போதும் மேடம், அடுத்த பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றார். ஒரு பாடத்திலிருந்து விலகிக்கொள்வதற்கான படிவம் அது. அதைக் கொடுக்க வேண்டிய கடைசித் தேதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

"எத்தனை நாளா இதைக் கையில வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். மூன்று வாரமாம். "இதுக்கெல்லாம் உங்களைத் தொந்தரவு பண்ணலாமான்னு தெரியல மேடம்."

நகரத்தின் நடுவே இருக்கும் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். என் அறையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் எதுவென்றால், இந்தத் 'தொந்தரவு' வாக்கியம்தான். அதைச் சொல்லும் பிள்ளைகள் பெரும்பாலும் கெட்டிக்காரர்கள். யாரையும் கேட்காமல் சமாளித்தே இவ்வளவு தூரம் வந்தவர்கள். அந்தப் பழக்கமே இங்கே அவர்களுக்கு எதிரியாகிவிடுகிறது.

பெரிய பல்கலைக்கழகத்தில் உதவிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது உங்களைத் தேடி வராது. பல்லாயிரம் பேர் படிக்கும் இடத்தில் ஒருவர் இரண்டு வாரம் வகுப்புக்கு வராவிட்டால் யாருக்கும் தெரியாமலே போகலாம். இன்னொன்று, உதவிகளில் பெரும்பாலானவை தேதியோடு கட்டப்பட்டவை. தேதிக்குள் விலகினால் பல இடங்களில் மதிப்பெண் பட்டியலில் விலகியதாக மட்டும் பதிவாகும், சராசரியைத் தொடாது. தேதி தாண்டினால் அதே பாடம் ஃபெயில் என்று ஏறும். சராசரி இறங்கும், அதை நம்பியிருக்கும் உதவித்தொகையும் ஆட்டம் காணும். படிவம் ஒன்றுதான். கொடுக்கும் நாளைப் பொறுத்து விளைவு மாறிவிடுகிறது.

இதையெல்லாம் சில பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டு வளர்கிறார்கள். அக்காவோ அப்பாவோ கல்லூரிக்குப் போயிருந்தால் 'முதல்ல போய் அட்வைசரைப் பாரு' என்று சொல்லிவிடுவார்கள். குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வருபவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. கல்வியாளர் ஃபிலிப் ஜாக்சன் 1968-ல் பள்ளி வகுப்பறைகளைப் பற்றி எழுதும்போது இதற்கு 'மறைமுகப் பாடத்திட்டம்' என்று பெயர் வைத்தார். புத்தகத்தில் இல்லாத, ஆனால் தெரிந்தே ஆக வேண்டிய பாடம். பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடம் இன்னும் பெரிது.

அந்த மாணவியிடம் வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல். வகுப்பு முடிந்ததும் பார்ட் டைம் வேலை. இரண்டு வருடத்தில் கேம்பஸில் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகியவர்கள் யார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நூலகத்தில் புத்தகம் வாங்கி வைக்கும் அம்மாவைச் சொன்னார்.

படிப்பைப் பாதியில் விடுகிறவர்களைப் பற்றிக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975-ல் ஒரு விளக்கம் தந்தார். பாடத்தோடு ஒட்டுதல், மனிதர்களோடு ஒட்டுதல் இரண்டும் சேர்ந்துதான் ஒருவரைப் பிடித்து வைக்கின்றன என்பது அதன் சாரம். ஹாஸ்டலில் இருப்பவருக்கு இரண்டாவது ஒட்டுதல் சாப்பாட்டு வரிசையிலேயே கிடைத்துவிடும். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர் அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் போதும்: ஒரு படிப்புக் குழு, ஒரு மாணவர் மன்றம், ஆசிரியரின் சந்திப்பு நேரம், ஏதோ ஒன்று. பாடத்தைப் பற்றிய கேள்வி இல்லாவிட்டாலும் ஆசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போகலாம். 'இந்தத் துறைக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள்?' என்று கேட்டாலே பேச்சு ஓடும். பின்னால் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, உங்கள் முகம் தெரிந்த ஒருவராவது இருப்பார்.

'எல்லாரும் நல்லா இருக்காங்க, நான் மட்டும்தான் இப்படி' என்ற எண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உளவியலாளர்கள் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதலாண்டு மாணவர்களுக்கு சுமார் ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். 'இது நமக்கான இடமில்லையோ என்ற தவிப்பு முதலில் எல்லோருக்கும் வரும், போகப்போகக் குறையும்' என்று சீனியர்கள் சொன்ன அனுபவங்களைப் படித்து, தங்கள் அனுபவத்தையும் எழுதுவதுதான் பயிற்சி. அடுத்த மூன்று வருடத்தில், பயிற்சி பெற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது. நான் முதல் வாரத்திலேயே சீனியர்களைக் கூப்பிட்டுப் பேச வைப்பதற்கு இந்த ஆய்வுதான் காரணம்.

மனநல ஆலோசனைக்கு வருவதில்தான் தயக்கம் அதிகம். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததும் ஒரு காரணம். பெரும்பாலும் முதலில் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். தூக்கம், சாப்பாடு, மனநிலை, தற்கொலை எண்ணம் பற்றிக் கேள்விகள் இருக்கும். எல்லோரிடமும் கேட்பவை அவை, உங்களை மட்டும் சந்தேகிப்பதாக நினைக்காதீர்கள். அப்புறம் பேச்சு. நீங்கள் சொல்வது உங்கள் ஆசிரியருக்குப் போகாது. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, சட்டம் கட்டாயப்படுத்தினாலோ மட்டும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்குகளை ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஆலோசகர் ஒத்துவரவில்லையா? வேறு ஒருவரைக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். 2005-ல் வெளியான பெரிய அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்று, வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் முக்கால்வாசி 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று காட்டியது. கல்லூரிக் காலம் அந்த வயதில்தான் வருகிறது. இந்த வயதில் சிரமப்படுவது மனபலக் குறைவு அல்ல.

மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் பெயரைப் பார்த்தே பலர் திரும்பிவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு மட்டுமான இடம் இல்லை அது. டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பதில் வரும் சிரமம்), வலிப்பு, சர்க்கரை நோய், நீடித்த மனச்சோர்வு எதுவானாலும் அங்கே போய்க் கேட்கலாம். எழுதும் கை உடைந்து கட்டுப்போட்டிருந்தால்கூட பல இடங்களில் தற்காலிக ஏற்பாடு செய்து தருவார்கள். 2006-ல் ஐநா ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, உயர்கல்வியிலும் அவரவர் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. இது சலுகை இல்லை, உரிமை. உங்கள் நோயின் பெயர் பொதுவாக ஆசிரியருக்குப் போகாது. 'இவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம்' என்ற தகவல் மட்டும்தான் போகும். ஆனால் இங்கேயும் தேதிதான் கணக்கு. ஏற்பாடு வாங்கிய நாளிலிருந்துதான் பொதுவாகச் செல்லும், முடிந்துபோன தேர்வுக்குப் பின்னோக்கி வராது. தேர்வுக்கு முந்தின நாள் மருத்துவச் சான்றோடு ஓடி வருபவரைத் திருப்பி அனுப்பும் நாள் எனக்கு மிகக் கஷ்டமான நாள்.

பண விஷயம். கட்டண நாளுக்கு முன்னால் போய்க் கேட்டால் தவணை கிடைக்க வாய்ப்பு உண்டு, அவசர உதவி நிதி இருக்கிறதா என்றும் விசாரிக்கலாம். நாள் தாண்டினால் அபராதமும் சேர்ந்துகொள்ளும். ஒரு மாணவர் தன் பல்கலைக்கழக ஈமெயிலை என் எதிரில் திறந்து காட்டினார். படிக்காதவை முந்நூறைத் தாண்டியிருந்தன. பயத்தில் திறக்கவே இல்லை என்றார். இருவரும் உட்கார்ந்து தேடினோம். மாணவர் மன்ற அறிவிப்புகளுக்கு நடுவே, அவர் கேட்க நினைத்த அதே தவணை நீட்டிப்பு பற்றிய கடிதம் கிடந்தது. வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

யாருக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள். நான் சொல்லிக்கொடுப்பது நாலு வரிதான்: 'வணக்கம். நான் இந்தப் பாடத்தில், இந்தப் பதிவு எண்ணில் படிக்கும் மாணவர். கடந்த இரண்டு வாரமாக உடல்நிலை காரணமாக வகுப்புக்கு வர முடியவில்லை. ஒப்படைக்க வேண்டிய கட்டுரைக்கு ஒரு வாரம் அவகாசம் கிடைக்குமா? வியாழக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.' வீட்டுக் கதை முழுவதும் எழுத வேண்டாம், மன்னிப்பு மூன்று தடவை கேட்கவும் வேண்டாம்.

நண்பர் யாராவது ஒடுங்கிப்போயிருந்தால் 'கவுன்சலரைப் பாரு' என்று சொல்வதோடு விடாதீர்கள். கூடவே நடந்து வந்து வாசலில் காத்திருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். உடனே அவசர எண்ணை அழையுங்கள், ஒரு பெரியவரையும் கூப்பிடுங்கள்.

இதைப் படிக்கும்போதே கல்வி நாட்காட்டியைத் திறந்து, பாடம் மாற்ற, விலக, கட்டணம் செலுத்த, தேர்வு ஏற்பாடு கேட்க என்று நாலு கடைசித் தேதிகளை போனில் ஏற்றிவிடுங்கள். தேதி தாண்டிவிட்டதா? சரி, அப்போதும் வாருங்கள். தாமத விண்ணப்பம் என்று ஒரு வழி பெரும்பாலும் இருக்கும். என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது, அதற்கு என்ன ஆதாரம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.

அன்று அந்த மாணவியோடு அதைத்தான் எழுதினேன். வேலை செய்யும் இடத்தின் நேரப் பட்டியல், வீட்டில் வருமானம் நின்றுபோன மாதத்தின் கடிதம், விரிவுரையாளருக்கு அனுப்பாமல் வைத்திருந்த ஒரு ஈமெயில், மூன்றையும் சேர்த்தோம். அடுத்த பஸ்ஸும் போய்விட்டது, அதற்கடுத்த பஸ்ஸும் போய்விட்டது. முடிவு வர ஆறு வாரம் ஆனது. ஏற்றுக்கொண்டார்கள்.