பேட்டரி, மின்கலம், மின்கல அடுக்கு: சொல் விளக்கம்

பேட்டரி என்ற சொல் தமிழ்ப் பேச்சில் ஒரே பொருளில் நிற்பதில்லை. ஊர்ப்புறங்களில் கைவிளக்கே 'பேட்டரி லைட்' ஆகிவிட்டது. அதற்குள் போடும் உருளையைக் 'கட்டை' என்பார்கள்; 'பேட்டரிக் கட்டை ரெண்டு வாங்கிட்டு வா' என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்புவது பழகிப்போன வழக்கு. டிராக்டரில் இருக்கும் அமிலப் பெட்டியும் பேட்டரிதான், கைக்கடிகாரத்தில் இருக்கும் சிறு வில்லையும் பேட்டரிதான். இலங்கைத் தமிழர் இதையே பற்றரி என்று எழுதுவர். இப்போது தலையில் மாட்டும் விளக்கு, முதுகில் சுமக்கும் மருந்து தெளிப்பான், படகில் கொண்டுசெல்லும் ஜி.பி.எஸ். கருவி என, மின்கம்பி எட்டாத இடத்து வேலைகளையெல்லாம் சிறிய லித்தியம் பேட்டரிகள் நடத்தத் தொடங்கிவிட்டதால், இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கும் வெவ்வேறு பொருள்களைப் பிரித்தறிவது பாதுகாப்போடு தொடர்புடையதாகிவிட்டது.

பேட்டரி ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்தது. அடித்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையே அதன் வேர். அடித்தல் என்பது பீரங்கியால் தாக்குதல் என்றாகி, பின்னர் வரிசையாக நிறுத்தி ஒன்றாகச் சுடும் பீரங்கித் தொகுதிக்கே பெயரானது. மின்னேற்றத்தைத் தேக்கும் கண்ணாடித் தகடுகள் பதினொன்றை ஒன்றோடொன்று இணைத்த அமைப்பைப் பற்றி 1749-இல் கடிதம் எழுதிய பெஞ்சமின் பிராங்க்ளின், அதற்கு இந்தப் படைத்துறைச் சொல்லைக் கையாண்டார். ஆகவே பிறப்பிலேயே பேட்டரி என்பது தனிப்பொருளின் பெயர் அன்று. பல சேர்ந்து ஒன்றாக வேலை செய்யும் தொகுதியின் பெயர்.

தமிழ்ப் பாடநூல்கள் இந்த வேறுபாட்டைக் கைவிடவில்லை. தனி ஒன்று மின்கலம், பல இணைந்தது மின்கல அடுக்கு. மரக்கலம், உண்கலம், மட்கலம் ஆகியவற்றில் வரும் கலம் ஒன்றைத் தன்னுள் கொள்ளும் ஏனத்தைக் குறிப்பது. முதல் மின்கல அடுக்கை உருவாக்கிய இத்தாலிய அறிவியலாளர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா 1800-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய கடிதத்தில் இரண்டு அமைப்புகளை விவரித்தார். ஒன்றில் வெள்ளி, துத்தநாக வில்லைகளை உப்புநீரில் நனைத்த துணியோ அட்டையோ இடையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். மற்றொன்றில் உப்புநீர் நிரப்பிய கிண்ணங்களை வரிசையாக வைத்து உலோகப் பட்டைகளால் இணைத்திருந்தார். முன்னது அடுக்கு, பின்னதில் ஒவ்வொரு கிண்ணமும் கலம். வேறு எந்தப் புதுச்சொல்லும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது என்பது என் துணிபு.

திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய வகைக்குச் சேமக்கலம் என்ற சொல்லும் நூல்களில் உண்டு. சேமித்து வைக்கும் கலம் என்று பொருள் தெளிவாகவே இருந்தாலும், கோயிலிலும் இறுதி ஊர்வலத்திலும் கோலால் அடித்து ஒலிக்கும் வெண்கலத் தட்டுக்கும், அதாவது சேகண்டிக்கும், அதே பெயர் முன்பே இருக்கிறது. (அடித்தலில் பிறந்த பேட்டரிக்கு, அடிக்கும் கருவியின் பெயரே தமிழில் வாய்த்தது எவரும் திட்டமிடாத பொருத்தம்.) பொதுவழக்கில் மயக்கம் வராதிருக்க மின்சேமக்கலம் என்று எழுதுவது நல்லது.

லித்தியம் கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சுவீடனின் ஊட்டோ தீவிலிருந்து கிடைத்த கனிமம் ஒன்றை ஆராய்ந்த யோகான் ஆகஸ்ட் ஆர்ஃப்வெட்சன் 1817-இல் இத்தனிமத்தைக் கண்டறிந்தார். உலோகங்களில் மிக லேசானது இதுவே. ஸ்டான்லி விட்டிங்காம், ஜான் குட்இனஃப், அகிரா யோஷினோ ஆகியோரின் ஆய்வுகள் கனிந்து, 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே 'அயனி' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. மின்னேற்றும்போதும் பயன்படுத்தும்போதும் லித்தியம் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற லித்தியம் அணுக்கள், இரு மின்முனைகளுக்கிடையே போய்வருவதால்தான் அக்கலத்தை மீண்டும் மீண்டும் நிரப்ப முடிகிறது. 'லித்தியம்' என்று மட்டும் பொறித்த கலங்கள் பல ஒருமுறை பயன்படுத்திக் கழிப்பவை. அவற்றுக்கு முதன்மை மின்கலம் என்று பெயர். சில கைவிளக்குகளில் போடும் 3 வோல்ட் குட்டை உருளை அத்தகையது. அதே அளவில் மின்னேற்றக்கூடிய 3.7 வோல்ட் லித்தியம் அயனிக் கலமும் கடைகளில் கிடைக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிறதென்று முதன்மைக் கலத்தைச் சார்ஜரில் செருகினால் அது வெடிக்கவோ தீப்பற்றவோ கூடும்.

வெளிக் கருவிகளில் மிகுதியாகக் காணப்படும் கலத்துக்கு 18650 என்று எண்ணே பெயர். விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், கடைசிச் சுழி உருளை வடிவத்தைக் குறிப்பது. நிறைந்த நிலையில் 4.2 வோல்ட் இருக்கும். இது வெறும் கலம். பல கலங்களை இணைத்து, அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும் காக்கும் மின்சுற்றையும் பொருத்திய பிறகே அது கருவிக்குரிய அடுக்காகிறது. கடைக்காரர் இரண்டையும் பேட்டரி என்றே விற்பதால், காப்புச் சுற்று இல்லாத கலத்தை அடுக்கென்று நம்பி வாங்குவோர் உண்டு.

மருந்து தெளிப்பானை எடுத்துக்கொள்வோம். பழைய வகையில் 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி (மின்னோட்டத்தை அது ஓடும் நேரத்தால் பெருக்கிய கொள்ளளவு) கொண்ட காரீய அமில பேட்டரி இருக்கும். அதன் எடை மட்டுமே ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. அதே ஆற்றலுள்ள லித்தியம் அடுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு என்பதால், நாள் முழுதும் வயலில் நடப்பவரின் முதுகுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் '12 வோல்ட் லித்தியம்' என்ற பெயரில் இரு வேறு அடுக்குகள் வருகின்றன. சாதாரண லித்தியம் அயனிக் கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்தது ஒன்று, அது 12.6 வோல்ட்டில் நிறைந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்கள் நான்கை இணைத்தது மற்றொன்று, அது 14.6 வோல்ட் வரை ஏறும். முதல் வகையைப் பழைய காரீய அமில சார்ஜரிலேயே போட்டு, அது 14.4 வோல்ட் கொடுத்தால், கலத்துக்கு 4.8 வோல்ட் வீதம் விழும். அந்த இடத்தில் காப்புச் சுற்று ஒன்றே தீவிபத்துக்குத் தடையாக நிற்கும். ஆகவே மின்கல அடுக்கு என்று எழுதும்போது அதன் வேதிவகையையும் கலங்களின் எண்ணிக்கையையும் சேர்த்தெழுதும் வழக்கம் தமிழில் வர வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

பவர் பேங்க் என்பதைச் சிலர் மின்வங்கி என்கிறார்கள். அது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, கருவியின் இயல்பைச் சொல்வதில்லை. மின்தேக்கி என்று எழுதுவது பிழை, ஏனெனில் அது கெப்பாசிட்டர் என்ற வேறோர் உறுப்புக்கு நிலைபெற்றுவிட்ட சொல். கையடக்க மின்சேமக்கலம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதன் மேல் அச்சிட்ட 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் கலத்தின் 3.7 வோல்ட்டுக்குரிய கணக்கு, வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கினால் வரும் ஆற்றல் அளவில் அது 37 வாட் மணி. வெளியே 5 வோல்ட்டாக மாற்றித் தரும்போது கணக்கின்படியே அது 7,400 ஆகிவிடும். மாற்றத்தில் ஏற்படும் இழப்பும் சேர்ந்தால் இன்னும் குறையும். எனவே கருவிகளை ஒப்பிட வாட் மணியே நம்பத்தக்க அளவு.

விமானப் பயணத்திலும் அதுவே அளவுகோல். கருவிக்குள் பொருத்தாமல் தனியாகக் கொண்டுசெல்லும் லித்தியம் அயனி அடுக்குகளைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லலாம். 100 வாட் மணி வரை பொதுவாகத் தடையில்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 'லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கல அடுக்கு, 4 கலம், 12.8 வோல்ட், 12 ஆம்பியர் மணி' என்று முழுமையாக எழுதிய சிட்டை இருந்தால், 12.8-ஐ 12-ஆல் பெருக்கி 153.6 வாட் மணி என்று கண்டு, ஒப்புதல் கேட்க வேண்டியது இது என்பதை எவரும் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.